சிலைக்குப் பக்கத்தில் ஒரு வாசிப்பு மேசை

தமிழ்நாட்டில் நினைவு இல்லங்களுக்குப் பஞ்சமில்லை. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறந்த வீடு, உத்தமதானபுரத்தில் உ.வே.சாமிநாதையர் நினைவு இல்லம், விருதுநகரிலும் சென்னை தியாகராய நகரிலும் காமராசர் வாழ்ந்த வீடுகள், காஞ்சிபுரத்தில் அண்ணா இல்லம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பலவற்றை அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை பராமரிக்கிறது. மார்பளவுச் சிலை, கண்ணாடிப் பெட்டிக்குள் சில பொருட்கள், சுவர் நிறையப் புகைப்படங்கள், வாசலில் வருகைப் பதிவேடு: பொதுவாக ஒரு நினைவு இல்லத்தின் அமைப்பு இதுதான். வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார், சுற்றிப் பார்க்கிறார், பதிவேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு வெளியே வருகிறார். மரியாதை செலுத்தியாயிற்று. ஆனால் அந்த மனிதரைப் பற்றியோ, அவரை உருவாக்கிய ஊரைப் பற்றியோ அவருக்கு ஒரு கேள்வி எழுந்தால், உட்கார்ந்து தேடி விடை காண அங்கே வழியில்லை. சில இல்லங்களில் சிறு நூலகம் இருக்கிறது. ஆனால் அச்சில் கிடைக்கும் நூல்களை அடுக்கிவைப்பது வேறு, ஆய்வுக்கு வேண்டிய மூலங்களைத் திரட்டிவைப்பது வேறு. நினைவு இல்லம் ஒவ்வொன்றிலும் ஓர் அறையாவது அந்த ஊரின் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் ஆய்வு நூலகமாக வேண்டும். அதை நடத்துவதில் உள்ளூர் வரலாற்றுக் குழுக்களுக்குப் பங்கு வேண்டும். வீடு ஓரிடத்திலும் காகிதம் வேறிடத்திலும் கிடக்கும்வரை இந்த இல்லங்கள் வணங்கும் இடங்களாக இருக்கலாம். அறியும் இடங்களாக ஆகமாட்டா.

இதனால் வீட்டைக் காப்பது வீண் என்று ஆகிவிடாது. வீடும் ஒரு சான்றுதான். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003 முதல் பராமரித்துவருகிறது. தெருவை ஒட்டிய திண்ணை, குறுகலான முன்பகுதி, சாலையைப் பார்த்த ஜன்னல், தெருக்கோடியில் கோபுரம் என்று அந்த வீடு சொல்லும் செய்திகளை எந்த வாழ்க்கை வரலாறும் அதே அளவுக்குச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு சிறிய இடத்துக்குள், எவ்வளவு வசதிக் குறைவுக்குள் அந்த மூளை வேலை செய்தது என்பது உள்ளே நின்றால்தான் உறைக்கும். ஆனால் அந்த மூளை என்ன செய்தது என்பது வேறெங்கோ இருக்கிறது. ராமானுஜனின் மூன்று குறிப்பேடுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ‘தொலைந்த குறிப்பேடு’ என்று பெயர் பெற்ற தாள்கட்டை 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். மூலங்களை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் குறிப்பேடுகளின் நிழற்பட நகலை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957லேயே இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தொலைந்த குறிப்பேடும் 1987இல் நூலாக வந்துவிட்டது. வளர்ந்த வீட்டுக்கு வரும் ஒரு கல்லூரி மாணவி அந்தப் பக்கங்களைப் புரட்டவும், அவற்றை விளக்கும் நூல்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவும் முடிந்தால் அந்த வீட்டின் பொருளே மாறிவிடும். பிறந்தநாளில் மாலை போடுவதைக் காட்டிலும் அது ராமானுஜனுக்குப் பிடித்திருக்கும்.

காகிதம் பிழைத்து வீடு போன கதையும் நம்மிடம் உண்டு. உ.வே.சா. தாம் தேடித் திரட்டிய ஓலைச் சுவடிகளோடும் கையெழுத்துப் படிகளோடும் வாழ்ந்த வீடு சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்க வழிசெய்த தியாகராச செட்டியாரின் பெயர் விளங்க அதற்கு ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டிருந்தார். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடங்கிய அவருடைய பதிப்புப் பணியின் பிற்காலம் முழுவதும் அந்த வீட்டோடு சேர்ந்தது. 1942இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் அவர் பெயரில் நூலகம் அமைந்து, சுவடிகள் அங்கே சேர்ந்தன. இன்று பெசன்ட் நகரில் அது பாதுகாப்பாக இயங்குகிறது. வீடோ 2012இல் இடிக்கப்பட்டது. சுவடிகளே பிழைத்துவிட்டன, வீடு போனால் என்ன என்று கேட்கலாம். ஒரு பதிப்பாசிரியர் எந்த அச்சகங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தார், யார் யார் அவரைத் தேடி வந்தார்கள், சுவடிகளை எங்கே பரப்பிவைத்து ஒப்புநோக்கினார், எத்தனை பேர் உட்கார்ந்து படியெடுக்க இடமிருந்தது என்பன போன்ற கேள்விகள் பதிப்பு வரலாற்றின் அடிப்படைக் கேள்விகள். நூலகத்தில் இருக்கும் சுவடி இவற்றுக்குப் பாதி விடைதான் தரும். மீதி விடை அந்தச் சுவர்களோடு போய்விட்டது.

வீடும் காகிதமும் ஒன்றாக இருந்ததால் வரலாற்றுக்குக் கிடைத்த பெரும்பேறு புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, துணி பேரம், ஆளுநர் மாளிகையின் வம்பு, சாதிச் சச்சரவு, போர் அச்சம், காற்று மழை என்று எல்லாவற்றையும் பதிவு செய்த அந்த ஏடுகள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு குடும்பத்தார் வசமே கிடந்தன. 1846இல்தான் பிரெஞ்சு அதிகாரி கலுவா மோம்பிரேன் அவற்றைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்தியாவை ஐரோப்பியர் எழுதிய கடிதங்கள் வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுலகுக்கு, உள்ளூர்க்காரர் ஒருவரின் கண்பார்வை முதன்முறையாகக் கிடைத்தது. கீழே தமிழ்ப் பாணி மரத்தூண்களும் மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்களுமாக அவருடைய மாளிகை இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. ஒரு குடும்பம் தன் பரணைச் சுத்தம் செய்துவிடாமல் இருந்ததால் பிழைத்த வரலாறு அது. அப்படிச் சுத்தம் செய்யப்பட்ட பரண்கள் எத்தனை என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

செட்டிநாட்டுக்குப் போனால் இழப்பின் வேகம் கண்ணுக்கே தெரியும். மாளிகைகள் பிரிக்கப்பட்டு, தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. தூணுக்கு விலை இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த வட்டிக்கடைகளின் பேரேடுகளுக்கு எடைக்கடையில்தான் விலை. இந்தப் போக்குக்கு எதிர்நீச்சல் போட்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். புத்தகங்கள், பத்திரிகைகள் மட்டுமல்லாமல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டவற்றையும் அவர் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பொருட்கள் கொண்ட அந்தச் சேகரத்தை ஏற்றுக் காக்கும் அமைப்பு கோட்டையூரிலோ காரைக்குடியிலோ இல்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அது இங்கேயே இருக்கும்படி செய்து, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. இன்று தமிழ் ஆய்வு செய்யும் எவரும் அதற்குக் கடன்பட்டவர்கள்; அந்த ஏற்பாடு நடக்காதிருந்தால் பெரும்பகுதி பூச்சிக்கே போயிருக்கும். ஆனாலும் இந்த வெற்றிக் கதைக்குள் ஒரு தோல்வி இருக்கிறது. ஒரு பேரூராட்சியில் ஒரு தனிமனிதர் திரட்டியதை, அந்த வட்டாரத்தின் எந்தப் பொது அமைப்பாலும் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் ஒரு சிகாகோ கிடைக்காது.

அரசு ஆவணங்கள்தான் எழும்பூரில் இருக்கின்றனவே என்று சிலர் நினைக்கலாம். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அரிய கருவூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் அரசு தன் தேவைக்காக எழுதியது: நில அளவை, வரி, காவல், வழக்கு. மக்கள் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொண்டவை ஊர்களில்தான் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1870 முதல் 1940 வரையான காலத்து ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. சொத்து, மணமுறிவு, கோயில் மரியாதை போன்ற பூசல்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் எப்படித் தீர்க்கப்பட்டன என்பதை அரசுக் கோப்புகளைவிட இந்தத் தாள்களே காட்டும். இவை கிடைப்பது கிராமத்து வீடுகளின் பெட்டகங்களில். அங்கே போய்க் கேட்கவும், நம்பிக்கை பெறவும், பிரித்துப் படிக்கவும் தெரிந்தவர்கள் இருந்தால்தான் அவை வெளியே வரும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு காப்பகம், எவ்வளவு நல்லதானாலும், இந்த வேலையைச் செய்ய முடியாது.

விருதுநகரை எடுத்துக்கொண்டால் இதன் பயன் தெளிவாகும். காமராசரை எளிமையின் உருவமாகக் காட்டுவதற்கு அவர் வீட்டின் நான்கு சுவர்களே போதும். ஆனால் அப்படியொரு தலைவர் ஏன் அந்த ஊரில் உருவானார் என்ற கேள்விக்கு வீடு பதில் சொல்லாது. விருதுபட்டி என்று பெயர் கொண்டிருந்த அந்தச் சந்தை ஊரில் வணிகர்கள் தங்கள் சரக்கின் மேல் மகமை பிடித்து, அதைக் கொண்டு பொதுக் காரியங்களை நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி வசூலித்துப் பள்ளியை நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி ஊர்ப்பணத்தில் நடந்த பள்ளி. ஊர் கூடி அரிசி கொடுத்து நடத்திய பள்ளியின் மாணவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளைப் பெருக்கியதற்கும், மதிய உணவை ஊர்மக்கள் பங்களிப்போடு பரவலாக்கியதற்கும் அந்தப் பழைய அனுபவத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று மேடையில் சொல்லிவிடலாம். ஆராய்ந்து சொல்வதற்கு மகமைக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, சந்தை விலைப்பட்டியல், உறவின்முறைத் தீர்மானப் புத்தகம் ஆகியவை வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார் சமூக வரலாற்றை எழுதியபோது இப்படிப்பட்ட உள்ளூர்ச் சான்றுகளைத் தேடித்தான் எழுதினார். அந்த வசதி விருதுநகர் மாணவருக்கு விருதுநகரிலேயே கிடைக்க வேண்டும் என்பது பேராசை ஆகாது.

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் ஹாவொர்த் என்ற சிற்றூர் நல்ல எடுத்துக்காட்டு. ‘ஜேன் அயர்’, ‘உதரிங் ஹைட்ஸ்’ நாவல்களை எழுதிய பிராண்டி சகோதரிகள் வளர்ந்த பாதிரியார் இல்லம் அங்கே உள்ளது. தந்தை 1861இல் இறந்ததும் வீட்டுச் சாமான்கள் ஏலம் போய்ச் சிதறின. 1893இல் ஆர்வலர்கள் சிலர் பிராண்டி சங்கத்தைத் தொடங்கினார்கள். 1895இல் ஊரின் வங்கிக் கட்டட மாடியில் சிறு அருங்காட்சியகம் திறந்தார்கள். அப்போது அவர்கள் கையில் வீடே இல்லை. முதலில் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் சேர்த்தார்கள். 1928இல் அந்த ஊரில் பிறந்து செல்வந்தரான ஜேம்ஸ் ராபர்ட்ஸ் வீட்டை விலைக்கு வாங்கிச் சங்கத்திடம் கொடுத்தார். அன்றுமுதல் வீடும் ஆவணமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பார்வையாளர் ஒருபுறம், ஆய்வாளர் ஒருபுறம். சார்லட் பிராண்டி சிறுமியாக இருந்தபோது தீப்பெட்டி அளவில் தன் கையாலேயே செய்த குட்டிப் பத்திரிகை ஒன்று 2011இல் ஏலத்துக்கு வந்தபோது சங்கம் போட்டியில் தோற்றது. 2019இல் அது பாரிசில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 6,00,000 யூரோ கொடுத்துச் சங்கம் அதை ஊருக்கே கொண்டுவந்தது. பணம் அவர்களிடம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பணத்துக்கு முன்பே, நூறாண்டுக்கு மேல் தொடர்ந்த ஓர் உள்ளூர்ச் சங்கமும், எது எங்கே இருக்கிறது என்று அறிந்த ஒரு நூற்பட்டியலும் இருந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அத்தகைய உழைப்பாளிகள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழைப் புரட்டினால், பள்ளி ஆசிரியர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் தேடிக் கண்டுபிடித்த கல்வெட்டுகளும் நடுகற்களும் ஏராளம். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் வரலாற்று ஆய்வுக் குழுக்கள் இயங்குகின்றன. புதுக்கோட்டையில் ஆசிரியத் தம்பதியர் தங்கள் சம்பளத்தில் உருவாக்கிய ஞானாலயா, முதல் பதிப்புகளைத் தேடுவோரின் புகலிடம். பாரதி ஆய்வையே பாருங்கள். அவருடைய எழுத்துகளைப் பழைய பத்திரிகைக் கட்டுகளிலிருந்து மீட்டவர்கள் பெ.தூரன், ரா.அ.பத்மநாபன், சீனி.விசுவநாதன், இளசை மணியன் போன்ற தனிமனிதர்கள். இவர்களில் இளசை மணியன் எட்டயபுரத்துக்காரர். ‘இந்தியா’ இதழ்க் கட்டுரைகளைத் தொகுத்ததோடு, தொ.மு.சி.ரகுநாதன் பெயரிலான நூலகத்தையும் அந்த ஊரில் பேணினார். மணிமண்டபத்துக்கும் பிறந்த வீட்டுக்கும் அரசு பொறுப்பேற்றது. ஆய்வுக்கு வேண்டிய காகிதத்துக்குத் தனிமனிதர்கள் பொறுப்பேற்றார்கள். அந்தத் தனிமனிதருக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்குத்தான் நம்மிடம் ஏற்பாடு இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது பாதுகாப்பு. சிற்றூரில் கரையான் உண்டு, மழை ஒழுகல் உண்டு, திருட்டு உண்டு. குளிரூட்டிய அறையும் பயிற்சி பெற்றவர்களும் இருக்கும் தலைநகரில் வைப்பதே அறிவு என்பார்கள். ஒரே ஒரு படி மட்டுமே உள்ள ஓலைச் சுவடி, செப்பேடு போன்றவற்றுக்கு இந்த வாதம் சரிதான். அவை வல்லுநர் கைக்குப் போக வேண்டும். ஆனால் ‘ஓரிடத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு’ என்ற நம்பிக்கைக்கு யாழ்ப்பாணம் மறக்க முடியாத மறுப்பு. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்கும் படி இல்லாதவை நிரந்தரமாகப் போயின. அந்த அழிவின் பாடத்தை உணர்ந்து, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்னுருவாக்கிப் பல இடங்களில் வாழச் செய்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் விதியும் இங்கே வழிகாட்டும்: மூலம் அதன் சொந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். ஊரில் மூலம், மாவட்டத் தலைநகரில் ஒரு படி, சென்னையில் ஒரு படி என்று பிரித்துவைப்பதே உண்மையான காப்பு.

மின்னுருவாக்கம் செய்துவிட்டால் வாசிப்பறையே எதற்கு என்பது அடுத்த கேள்வி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் செய்திருக்கும் பணி மகத்தானது. ஆனால் இணையத்துக்கு வந்திருப்பதில் மிகப் பெரும்பங்கு அச்சான நூல்கள். கும்பாபிஷேக மலர், ஊர்ப்பள்ளியின் ஆண்டறிக்கை, கூட்டுறவுச் சங்கத் தீர்மானம், திருமணக் குழுப் புகைப்படம் ஆகியவற்றை எவரேனும் வீடுவீடாகப் போய்க் கேட்டு வாங்கினால்தான் படியெடுக்க முடியும். அதைவிட முக்கியம், அவற்றை விளக்குவது. ஒரு குழுப் புகைப்படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்பவர் யார், பின்னால் தெரியும் கட்டடம் எது, அது எப்போது இடிந்தது என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவரே சொல்ல முடியும். அவர் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பெயரும் இடமும் ஆண்டும் எழுதப்படாத மின்படம் வெறும் படம்தான். ஆக, இணையத்துக்கு நல்ல சரக்கு அனுப்புவதற்கே ஊரில் ஓர் அறையும் அங்கே உட்காரும் ஆளும் தேவைப்படுகிறது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வேறொன்று. உள்ளூர் வரலாற்றை உள்ளூர்க்காரர் கையில் கொடுத்தால் அது சாதிப் பெருமையாகவும் ஊர்த் தம்பட்டமாகவும் முடியும். தங்களுக்கு ஒவ்வாத தாள்கள் காணாமல் போகும். ஆதிக்கம் உள்ளவர்களின் கதையே ஊரின் கதையாகிவிடும். இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆவணம் இல்லாத இடத்தில்தான் பெருமைப் புராணம் தடையின்றி வளர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூவாயிரம் ஆண்டுப் பரம்பரை என்று மேடையில் முழங்குகிறவரிடம், சான்றைக் காட்டுங்கள் என்று கேட்கக்கூடிய இடம் ஊரில் ஒன்றுகூட இல்லை. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நுழைய விடமாட்டோம் என்றவர்களின் வாதமும் நுழைவோம் என்றவர்களின் வாதமும் அதன் பதிவுகளில் சேர்ந்தே இருக்கின்றன. இரு தரப்புத் தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் பழக்கம் வந்தால், ஒருதலைப்பட்சமாக எழுதுவது கடினமாகும். அதற்கான காவல் விதிகளில் இருக்க வேண்டும். நூற்பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். எவருக்கும் வாசிக்க அனுமதி மறுக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கும் இடம் உறுதியாக வேண்டும். பட்டியலிலிருந்து எதையும் நீக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கக் கூடாது. பண்ணைக் கணக்கோடு பண்ணையாள் சொல்லும் வாய்மொழியும் பதிவாக வேண்டும். எழுத்து மறுக்கப்பட்டவர்களுக்கு அதுவே ஆவணம்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சட்டத்தை நினைவூட்டலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் சென்னை மாகாணம் 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஊர்மக்கள் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நினைவு இல்லக் கட்டடங்களும் இருக்கின்றன. செய்தித் துறை ஓர் அறையை ஒதுக்கி, பொது நூலகத் துறை ஒரு நூலகரை அனுப்பி, உள்ளூர் வரலாற்றுக் குழு தேடலையும் விளக்கத்தையும் ஏற்றுக்கொண்டால் புதிதாகச் செலவாவது அலமாரிக்கும் படியெடுக்கும் கருவிக்கும் பயிற்சிக்கும்தான். தாள்களை நன்கொடையாகவே தர வேண்டும் என்று கேட்டால் பல குடும்பங்கள் தயங்கும். இரவல் வாங்கிப் படியெடுத்து, துடைத்துச் சீர்செய்து, பழுதின்றித் திருப்பிக் கொடுப்போம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பெட்டகங்கள் திறக்கும். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரிப்பதே முதலாண்டு வேலையாக இருக்கலாம். அதற்குக் கட்டடம்கூடத் தேவையில்லை.

இதை எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், உத்தமதானபுரம், விருதுநகர் என்று நான்கு இடங்களில் ஐந்தாண்டு நடத்திப் பார்க்கட்டும். எட்டயபுரத்தில் ஜமீன் காலத்துத் தாள்களும் பாரதி இதழ்களின் படிகளும், ஒட்டப்பிடாரத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனிக் காலத்து வழக்குகளும் பங்குதாரர் ஆவணங்களும், உத்தமதானபுரத்தில் சுற்றுவட்டாரச் சுவடிப் பட்டியலும், விருதுநகரில் சந்தைக் கணக்குகளும் என்று ஒவ்வொன்றும் தனக்கான எல்லையை வகுத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் வந்து போனார்கள் என்பதோடு, எத்தனை பேர் உட்கார்ந்து படித்தார்கள், எத்தனை தாள்கள் பட்டியலில் ஏறின, எத்தனை கட்டுரைகள் அதிலிருந்து பிறந்தன என்பதையும் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். பலன் தெரிந்தால் விரிவாக்கலாம், தெரியாவிட்டால் திருத்திக்கொள்ளலாம். இனிமேல் ஒரு தலைவருக்கோ கவிஞருக்கோ நினைவு இல்லம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வரும்போது, நூலகர் பணியிடம் எத்தனை, ஆவணங்களுக்கு ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு என்று உறுப்பினர் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அமைச்சரிடம் பதில் இல்லையென்றால், நமக்குக் கிடைக்கப்போவது இன்னொரு கட்டடம், அவ்வளவுதான்.